சிற்றேடு பேணிய சாமுவேல் பீப்ஸ்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில், முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். வயது நாற்பதைக் கடந்தவர். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். குசலம் விசாரித்து முடிந்தபின், தாம் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைத் தேடிச் சேர்த்து வருவதாகச் சிறிது நாணத்தோடு கூறினார். சிவகாசியில் 1972 ஆம் ஆண்டு தொடங்கிய முத்து காமிக்ஸின் இதழ்கள் பல அவர் வீட்டு அலுமாரியில் உறையிடப்பட்டு, எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவாம். அவ்வரிசையில் ஓரிதழ் மட்டும் குறைகின்றது. அஃது அவர் தந்தையார் வாங்கி வைத்திருந்த இதழ். 1990களில் இலக்கணப் புத்தகத்தினுள் மறைத்து அதனை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் பறித்துக்கொண்டேன். அவ்விதழ் இன்னும் என்னிடம் இருக்கின்றதா என்று மிக்க பணிவோடு வினவினார்.

என்னால் விடை கூற முடியவில்லை. கடதாசித் தட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாளில், பாடசாலை வாயிலிற் கச்சான் விற்ற மூதாட்டிக்குப் பழைய கடதாசிகளைக் கட்டாகக் கொடுப்பது என் வழக்கம். அக்கட்டோடு அவ்விதழும் போயிற்று. அது கச்சான் சரையாக மாறி ஓரிரு நாளிற் குப்பையிற் சேர்ந்திருக்கும். மாணவன் ஒருவனை நல்வழிப்படுத்தியதோடு ஏழை ஒருத்திக்கும் உதவினேன் என்று அன்று மகிழ்ந்தேன். விடைபெற்றுச் சென்றவரின் முகவாட்டத்தைக் கண்டபின் அம்மகிழ்ச்சி என்னிடம் இல்லை. அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலப் பெரியார்.

ஆங்கில இலக்கியம் கற்போர் பீப்ஸை நாட்குறிப்பு எழுதியவராக அறிவர். கடற்படை வரலாறு கற்போர் அவரைச் சிறந்த நிருவாகியாக அறிவர். அவருக்கு மூன்றாவது பெருமை ஒன்றும் உண்டு. கற்றோர் கையாலும் தீண்டாத பெனிப் புத்தகங்களையும் தெருப்பாட்டுத் தாள்களையும் தேடிச் சேர்த்து, கட்டி, அட்டவணையிட்டு, பின்வருவோர்க்கு விட்டுச்சென்றவர் அவர். இன்று பழைய சித்திரக்கதை சேர்ப்போர் செய்யும் தொழிலை முந்நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே செம்மையாகச் செய்து காட்டிய அவர் வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுவாம்.

சாமுவேல் பீப்ஸ் 1633 ஆம் ஆண்டு பெப்ருவரி 23 ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிளீற் வீதியை அடுத்த ஓரிடத்திற் பிறந்தார். தந்தையார் ஜோன் பீப்ஸ் தையற்றொழில் செய்தவர். தாயார் மார்கரெட், மணத்துக்கு முன் பிறர் வீட்டுத் துணி வெளுத்துப் பிழைத்தவர். மக்கள் பதினொருவருள் இவர் ஐந்தாமவர். உடன்பிறந்தோருட் பலர் இளமையிலேயே மாண்டனர். ஹன்ரிங்டன் என்னும் ஊரிலும், பின்னர் இலண்டனில் தூய பவுல் பாடசாலையிலும் கல்வி பயின்றார். முதலாஞ் சாள்ஸ் மன்னன் 1649 ஆம் ஆண்டு சனவரியில் மக்கள் முன்னிலையிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டபோது, பதினைந்து வயதுச் சிறுவராகிய பீப்ஸும் அக்கூட்டத்தில் நின்று கண்டார். 1651 இற் கேம்பிரிட்ச் சர்வகலாசாலையைச் சேர்ந்த மோட்லின் கல்லூரியிற் புகுந்து, 1654 இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் பிரெஞ்சு வழிவந்த ஏழைப் பெண்ணை மணந்தார். அப்பொழுது மணமகளுக்குப் பதினைந்து வயதும் நிரம்பியிருக்கவில்லை.

பீப்ஸின் இளமையை வருத்திய பெரும்பகை கல்லடைப்பு நோயாகும். மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில், 1658 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி சத்திரசிகிச்சைக்கு உடம்பட்டார். பந்தளவு கல்லொன்று வெளியே எடுக்கப்பட்டது. அந்நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாட அவர் விரும்பினார் என்பது வியப்பன்று. அந்தக் கல்லையும் எறிந்துவிடாது பேழையொன்று செய்வித்து அதனுள் வைத்துக் காத்தமையே வியப்புக்குரியது. எதனையும் பேணி வைக்கும் இயல்பு அவர் குருதியோடு கலந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

உறவினரான எட்வேட் மொன்ரேகியு என்னும் தளபதி பீப்ஸுக்கு வாழ்வளித்தார். நாடு கடந்திருந்த இரண்டாஞ் சாள்ஸ் மன்னனை 1660 ஆம் ஆண்டு கப்பலேற்றி அழைத்து வரச் சென்றபோது, மொன்ரேகியு பீப்ஸைத் தம் செயலாளராக உடன் அழைத்துச் சென்றார். அவ்வாண்டு யூலை மாதத்திற் கடற்படைச் சபையின் எழுத்தர் பதவி பீப்ஸுக்குக் கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 350 பவுண். தையற்காரர் மகன் அரசாங்கத்தின் உயர் நிலையில் இவ்வாறு காலூன்றினார். கணக்கிற் பெருக்கல் வாய்பாட்டையே அப்பதவிக்கு வந்த பின்னர்தான் ஒழுங்காகக் கற்றார். மரம், கயிறு, தார், பாய் முதலிய கப்பற் பொருள்களின் தரமறிய விடியற்காலையில் எழுந்து படித்தார். கற்பதற்கு நாணாமையே அவர் உயர்வுக்குக் காரணமாயிற்று.

அவர் பெயரை உலகறியச் செய்த நாட்குறிப்பு 1660 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடங்கி 1669 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதியோடு முடிவது. செல்ற்றன் என்பார் வகுத்த சுருக்கெழுத்தில் ஆறு தொகுதிகளாக எழுதப்பட்டது. அரசவைச் செய்தியும் அடுக்களைச் செய்தியும் அதில் ஒருங்கே இடம்பெறும். 1665 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும், 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயும் அதிற் கண்முன் நிகழ்வனபோல விளங்குகின்றன. தீ பரவிய முதல் நாளில், மன்னனிடம் நேரிற் சென்று, வீடுகளை இடித்துத் தீயின் வழியை மறித்தாலன்றி நகரம் பிழையாது என்று எடுத்துரைத்தவர் பீப்ஸே. தம் வீட்டுத் தோட்டத்திற் குழிதோண்டித் திராட்சை மதுவையும் இத்தாலியப் பாற்கட்டியையும் புதைத்ததையும் அவர் மறையாது எழுதினார்.

அப்பெருந்தீ புத்தகம் நேசிப்போர்க்கும் பேரிடியாயிற்று. தூய பவுல் தேவாலயத்தின் சுற்றுப்புறமே அக்கால இலண்டனின் புத்தகச் சந்தை. தீ நெருங்கியபோது வணிகர் தம் நூல்களைத் தேவாலயத்தின் நிலவறையிற் கொண்டுபோய் அடுக்கினர். கற்சுவர் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மேற்கூரை இடிந்து வீழ, நிலவறையும் தீப்பற்றி அனைத்தும் சாம்பராயின. பீப்ஸ் கேள்வியுற்றபடி அழிந்த நூல்களின் பெறுமதி 1,50,000 பவுணுக்கு மேற்பட்டது. அவர் வழக்கமாக நூல் வாங்கிய கேட்டன் என்னும் வணிகர் யாவும் இழந்து, அடுத்த ஆண்டில் உயிரும் நீத்தார். அச்சிட்ட நூலுக்கும் சாவுண்டு என்பதனை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

தீ மூளுவதற்குச் சில வாரங்களின் முன்னரே பீப்ஸ், கப்பற்பட்டறைத் தச்சர் சிம்சன் என்பவரைக் கொண்டு கண்ணாடிக் கதவிட்ட புத்தகப் பேழைகளைச் செய்விக்கத் தொடங்கியிருந்தார். ஓக்கு மரத்தால் இயன்ற இப்பேழைகள் காலப்போக்கிற் பன்னிரண்டாயின. 1668 ஆம் ஆண்டளவிற் பீப்ஸ் தமக்கென ஒரு விதியும் வகுத்துக்கொண்டார். பேழை கொள்ளுமளவு நூல்களே வேண்டும். சிறந்ததொன்று வருமாயின் தாழ்ந்ததொன்று வெளியேறல் வேண்டும். சேர்ப்பது எளிது, வரையறுத்துச் சேர்ப்பதே அரிது. வரையறை இல்லாத சேர்க்கை வீட்டை நிரப்புமேயன்றி அறிவை நிரப்பாது என்பதனை அவர் முப்பத்தைந்து வயதிலேயே உணர்ந்துவிட்டார்.

1669 ஆம் ஆண்டு துன்பமே நிறைந்தது. கண்ணொளி குன்றுவதாக அஞ்சிய பீப்ஸ் நாட்குறிப்பை நிறுத்தினார். அச்சம் வீணாயிற்று, அவர் குருடரானாரல்லர். ஆயினும், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மனைவியாருடன் பிரான்சு முதலிய நாடுகளுக்குச் சென்று மீண்டபின், எலிசபெத் காய்ச்சலுற்று நவம்பர் 10 ஆந் திகதி இறந்தார். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது. மக்கட்பேறு இல்லை. பீப்ஸ் மறுமணஞ் செய்யவுமில்லை. அம்மனைவியாருக்கு அவர் உண்மையாய் நடந்தவரும் அல்லர். பணிப்பெண்களிடம் முறைதவறி ஒழுகியமையை அவர் நாட்குறிப்பே காட்டிக் கொடுக்கின்றது. பதவி வழியாக வந்த கையுறைகளை ஏற்றதையும் அதுவே கூறும். குற்றமற்ற சான்றோர் ஒருவரின் வரலாற்றை நான் கூற வந்தேனல்லன். தம் குற்றங்களையும் கிழித்தெறியாது விட்டுச்சென்ற ஒருவரின் வரலாற்றையே கூறுகின்றேன்.

அதன்பின் அவர் உத்தியோகம் மேலும் உயர்ந்தது. 1673 இற் கடற்படைத் தலைமைச் செயலாளரானார், பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். 1677 இற் கடற்படை உத்தியோகத்தர் தேர்வெழுதிச் சித்தியடைந்தே பதவி பெறல் வேண்டும் என்னும் விதியை நிலைநாட்டினார். குடிப்பிறப்பன்றித் தகுதியே கருதப்படல் வேண்டும் என்று தையற்காரர் மகன் வகுத்த விதி அது. பகைவரின் பொய்க்குற்றச்சாட்டால் 1679 இல் இலண்டன் கோட்டைச் சிறையில் அடைபட்டு, வழக்கு நிலைக்காமையால் அடுத்த ஆண்டு மீண்டார். 1684 இல் மறுபடியும் தலைமைச் செயலாளராகி, அவ்வாண்டே றோயல் கழகத் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார். ஐசாக் நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பிறின்சிப்பியா என்னும் பெருநூலின் முகப்பிலே, அச்சிட அனுமதி வழங்கியவராகப் பீப்ஸின் பெயர் நின்று நிலவுகின்றது.

நியூற்றனின் நூலுக்கு அனுமதி வழங்கிய அதே கை, அதே ஆண்டுகளில், தெருவில் ஒரு பெனிக்கு விற்ற கதைப்புத்தகங்களையும் வாங்கிக்கொண்டிருந்தது. இதனை வாசகர்கள் ஊன்றிக் கருதல் வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்திலே இருவகைச் சிற்றேடுகள் பெருக வழங்கின. ஒருவகை பாட்டுத்தாள். ஒற்றைத் தாளின் ஒரு புறத்திலே, மேலே மரத்திற் செதுக்கி அச்சிட்ட படங்களும், கீழே தடித்த பழைய எழுத்திற் பாட்டும் இருக்கும். இன்ன மெட்டிற் பாடுக என்னும் குறிப்பும் இருக்கும். கொலை, தூக்குத்தண்டனை, கடற்போர், காதல், கணவன் மனைவி பிணக்கு, குடிகாரர் கும்மாளம் யாவும் அதற்குப் பொருளாகும். செதுக்கிய படக்கட்டைகள் சிலவே ஆதலால், ஒரு பாட்டில் அரசியாய் நின்ற உருவம் மற்றொரு பாட்டில் ஆயர்குலப் பெண்ணாய் வந்து நிற்கும். மற்றொருவகை, ஒரு தாளைப் பன்முறை மடித்து ஆக்கிய பதினாறு அல்லது இருபத்துநான்கு பக்கச் சிறுபுத்தகம். மூட்டை சுமக்கும் வணிகர் இவற்றை ஊசி, நூல், நாடா முதலியவற்றோடு ஊரூராகக் கொண்டு சென்று விற்றனர். இலண்டன் பாலத்தின்மீது கடை வைத்திருந்த சாள்ஸ் ரயஸ் என்னும் வெளியீட்டாளர் 1664 இல் இறந்தபோது, அவர் இருப்பில் ஏறத்தாழ 90,000 சிறுபுத்தகங்கள் இருந்தன. இத்துணை பெருக அச்சாகியும் இவற்றுள் எஞ்சியவை மிகச் சில. வாசித்து முடிந்த தாளை மதுச்சாலைச் சுவரில் ஒட்டினர், பணியாரத்துக்கு அடியில் விரித்தனர், புகைக்குழாய் பற்றவைத்தனர். நம்மூர்க் கச்சான் சரையின் கதையே அங்கும் நிகழ்ந்தது.

கற்றோர் இவற்றை மதித்தாரல்லர். ஒக்ஸ்போட் நூலகத்தைப் புதுக்கிய தோமஸ் பொட்லி என்னும் பெருவள்ளல், நாடகப் புத்தகம், பஞ்சாங்கம் முதலிய சில்லறை அச்சுகளுக்குத் தம் நூலகத்தில் இடங்கொடுத்தல் ஆகாதென்று 1612 இல் தம் நூலகருக்கு எழுதினார். அவர் கருதியது நூலகத்தின் மானத்தையே. அதனை எள்ளுதற்கு எனக்குத் தகுதியில்லை. யானும் அவ்வாறு கருதியே ஒரு சிறுவனின் புத்தகத்தைப் பறித்தவன். ஆயினும், அந்நூலகமே சேக்சுபியர் நாடகங்களின் 1623 ஆம் ஆண்டு முதற்பதிப்பை, 1664 ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபின் வேண்டாததென்று கழித்துவிட்டது. கழித்த அப்பிரதியையே 1906 இற் பொதுமக்களிடம் பணந்திரட்டி 3,000 பவுண் கொடுத்து மீட்டது.

பீப்ஸ் வேறு வழியிற் சென்றார். அவருக்கு முன் ஜோன் செல்டன் என்னும் சட்டப் பேரறிஞர் பழைய பாட்டுத்தாள்களைச் சேர்த்து வந்தார். ஒரு காலத்தின் மனப்போக்கைக் கனத்த நூல்களினும் இத்தகைய இலேசான தாள்களே நன்கு காட்டும் என்பது செல்டனின் கருத்து. அச்சேர்க்கை பீப்ஸின் கைக்கு வந்தது. அவர் அதனை 1700 ஆம் ஆண்டுவரை வளர்த்து, 1,800 க்கும் மேற்பட்ட பாட்டுத்தாள்களை ஐந்து பெருந்தொகுதிகளாக ஒட்டிக் கட்டுவித்தார். பக்தியும் நல்லொழுக்கமும், வரலாறு, துன்பியல், நாட்டுநடப்பு, இன்பக்காதல், துன்பக்காதல், இல்லறம், கடல், குடியும் தோழமையும், நகைச்சுவை எனப் பத்துத் துறைகளாக அவற்றைப் பகுத்தமை, திணையும் துறையும் வகுத்துப் பழகிய நமக்கு உவப்பளிப்பதாகும். தடித்த எழுத்தும் படமும் கொண்ட பழைய தாள்முறை ஒழிந்து, படமற்ற புதிய அச்சுமுறை பரவத் தொடங்கிய எல்லையிலேயே தம் சேர்க்கையை நிறுத்தினார். ஒரு கலையின் அந்திப் பொழுதை உடனிருந்தே இனங்கண்டவர் அவர்.

சிறுபுத்தகங்களையும் இவ்வாறே தொகுத்தார். நகைச்சுவைக் கதையும், வீரர் வரலாறும், காதற் கடிதம் எழுதும் முறையும், சமையலும், குறிசொல்லலும் கூறும் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மூன்று தொகுதிகளாக்கிப் பெனிக் களிப்புகள் என்று பெயரிட்டார். மரணம், மனந்திரும்பல், இறுதித் தீர்ப்பு என்பன பற்றிய நாற்பதுக்கு மேற்பட்டவற்றை ஒரு தொகுதியாக்கிப் பெனிப் பக்திகள் என்றார். அளவிற் சற்றுப் பெரியவற்றை மேலும் நான்கு தொகுதிகளிற் கட்டுவித்தார். ஆங்கில நாட்டு முதல் அச்சாளர் கக்ஸ்ரன் அச்சிட்ட அரிய நூல்களுக்கு அளித்த அதே தோற்கட்டும் அதே பேழையும் இப்பெனிப் புத்தகங்களுக்கும் கிடைத்தன.

இவரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 1668 இற் பிரெஞ்சு மொழியிலமைந்த ஆபாச நூலொன்றை வாங்கி வாசித்தபின், அது தம் நூலகத்துக்கு இழுக்காகும் என்று அஞ்சித் தீயிலிட்டார். சேக்சுபியர் நாடகத் தொகுதியை 1664 இல் வாங்கியவர், 1685 ஆம் ஆண்டுப் பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார். இன்று அவர் பேழையில் இருப்பது பிந்திய பதிப்பு மட்டுமே. புகழ் பெற்ற பெருநூல் எப்படியும் பிழைக்கும் என்று கருதிப் போலும், புதியதை வைத்துப் பழையதைப் போக்கினார். நாதியற்ற சிற்றேட்டையோ பழமையோடு காத்தார். எதனை வைப்பது, எதனை எறிவது என்னும் வினாவுக்கு முற்றும் பிழையாத விடையை எவரும் கண்டிலர் என்பதே இதனால் விளங்குகின்றது.

1689 இல் ஆட்சி மாறியபோது பீப்ஸ் பதவியைத் துறந்தார். எஞ்சிய வாழ்நாளை நூலகத்தைச் செம்மை செய்வதிற் கழித்தார். நூல்கள் பொருள்முறையிலன்றி உயரமுறையில் நின்றன. மிகச் சிறியது முதலாம் எண். மிகப் பெரியது 3,000 ஆம் எண். வரிசையிற் குள்ளமானவற்றுக்கு நூலின் கட்டுப்போலவே செய்த மரக்கட்டைகளை அடியில் வைத்து உயரஞ் சமன்செய்தார். வேண்டிய நூலை உடன் எடுப்பதற்கு அட்டவணைகளும் எழுதுவித்தார்.

கிளப்பம் என்னும் ஊரில், முன்னாளிற் பணியாளாய் வந்து பின் உற்ற நண்பராய் உயர்ந்த வில்லியம் ஹியுவரின் இல்லத்திலே, 1703 ஆம் ஆண்டு மே 26 ஆந் திகதி பீப்ஸ் காலமானார். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த மனைவியாரின் அருகே, இலண்டன் தூய ஓலேவ் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற மரணசாசனம் சேர்ப்போர் அனைவரும் கருதத்தக்கது. மருமகன் ஜோன் ஜாக்சன் நூலகத்தைத் தம் வாழ்நாள் முழுதும் காத்தல் வேண்டும். அதன்பின் அது மோட்லின் கல்லூரியைச் சேர்தல் வேண்டும். ஒரு நூலும் கூடுதலாகாது, ஒரு நூலும் குறைதலாகாது. விதி மீறப்படின் யாவும் அயலிலுள்ள திரினிற்றிக் கல்லூரிக்கு உரியனவாகும். அதன் பொருட்டு அக்கல்லூரியார் ஆண்டுதோறும் வந்து பார்வையிடவும் உரிமை வைத்தார். ஒருவரின் ஆசையையே மற்றவருக்குக் காவலாக்கிய நுட்பம் இது. 1724 இற் கேம்பிரிட்ச் சேர்ந்த அந்நூலகம், அதே பேழைகளில், அதே வரிசையில் இன்றும் இருக்கின்றது.

காத்ததன் பயன் மெல்ல மெல்லப் பழுத்தது. தோமஸ் பேர்சி என்னும் சமயகுருவானவர் நண்பர் வீடொன்றிற் பணிப்பெண்கள் அடுப்பு மூட்டக் கிழித்துக்கொண்டிருந்த பழங்கையெழுத்துச் சுவடி ஒன்றை மீட்டவர். அச்சுவடியோடு பீப்ஸின் பாட்டுத்தாள்களையும் ஆராய்ந்து 1765 இற் பழம்பாடற் றொகுதி ஒன்றை வெளியிட்டார். அதன்பின் எழுந்த ஆங்கிலக் கவிஞர்களின் நடையும் நோக்கும் மாறுவதற்கு அத்தொகுதி பெருந்துணையாயிற்று. நாட்குறிப்போ நூற்றிருபது ஆண்டுகள் வாசிப்பாரின்றிக் கிடந்தது. ஜோன் சிமித் என்னும் வறிய மாணவர் 1819 முதல் மூன்றாண்டுகள் இரவு பகலாக உழைத்து அதன் சுருக்கெழுத்தைப் படித்தறிந்தார். அதனை விளக்கும் கைந்நூல் அதே நூலகத்திலேயே இருந்தது. அவர் அதனை அறிந்திலர். 1825 இல் முதற்பதிப்பு வெளிவந்தது. கடந்த நூற்றாண்டில், ஆங்கில நாட்டுச் சாதாரண குடிமக்கள் எதனைப் படித்து நகைத்தனர், எதற்கு அஞ்சினர், எதனைப் பாடினர் என்று ஆராயப் புகுந்த வரலாற்றாசிரியர்க்கு அந்தப் பெனித் தொகுதிகளே முதன்மையான சான்றுகளாயின.

இனி என் மாணவரின் சித்திரக்கதைக்கு வருவோம். அதன் வரலாறும் வேறன்று. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டு அக்ஷன் கொமிக்ஸ் முதலிதழ் 10 சதத்துக்கு விற்றது. போர்க்காலத்திற் கடதாசி திரட்டியபோது சித்திரக்கதைகள் கட்டுக்கட்டாகச் சென்று அழிந்தன. 1948 இற் சில ஊர்களிற் சிறுவர்களைக்கொண்டே அவற்றைக் குவித்துத் தீயிட்டனர். தீயிட்டோருள் ஆசிரியரும் பெற்றோரும் இருந்தனர். அந்த முதலிதழின் பிரதியொன்று 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. விலையைச் சொல்லி வியக்க யான் இதனைக் கூறவில்லை. விலை கருதிச் சேர்ப்பவன் வணிகன். பீப்ஸ் தம் நூல் ஒன்றையேனும் பின்னாளில் விற்க இடம்வைக்கவில்லை. சித்திரக்கதை காவியத்துக்கு நிகர் என்று கூறவும் யான் துணியேன். பெனிக் களிப்புகளும் மில்ரனின் காவியத்துக்கு நிகரல்ல. பீப்ஸும் அவ்வாறு கருதினாரல்லர். நிகரல்லாதது வேண்டாதது ஆகாது என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையை நாம் மறந்திலோம், மறக்கவுங் கூடாது. ஆயின், கும்மி, அம்மானைச் சிறுபுத்தகங்களையும், திருமண வாழ்த்துமடல்களையும், அந்தியேட்டி நாளில் வழங்கும் கல்வெட்டுகளையும் அழிப்பதற்கு எவரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அதனை நாமே நம் வீடுகளிற் செய்து வருகின்றோம். முப்பது ஆண்டுகளில் யான் பாடிக் கொடுத்த கல்வெட்டுகள் நூற்றுக்கு மேற்படும். அன்றிரவு என் அலுமாரியைத் திறந்து தேடினேன். எஞ்சியிருந்தவை நான்கு.

அந்நான்கையும் உறையிலிட்டு, முதலாம் எண் முதல் நான்காம் எண் வரை எழுதி வைத்திருக்கின்றேன். மாணவர்க்கும் கடிதம் எழுதினேன். அவர் தேடும் இதழின் எண்ணையும் அட்டைப்படத்தின் குறிப்பையும் அனுப்புமாறு கேட்டிருக்கின்றேன். பழைய புத்தகக் கடைகளுக்குச் செல்லும் வழக்கம் எனக்கு இன்னும் உண்டு. பறித்த கை தேடுதலும் செய்தல் வேண்டுமன்றோ?